எழுந்தருளியவரும் கடந்து போனவரும்: இந்து, சமண வழிபாட்டில் திருவுருவங்கள்

சிவன் கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால் தேங்காய் மூடி, பழம், பூ, திருநீறு என்று பெரும்பகுதி நம் கைக்கே திரும்பி வரும். பெருமாள் கோயிலில் தீர்த்தமும் துளசியும் உண்டு. நேரம் ஒத்துவந்தால் புளியோதரையும் உண்டு. சமணர் கோயிலில் அப்படி இல்லை. பூஜைப் பலகையில் பரப்பிய அரிசியையும் அதன்மேல் வைத்த பழத்தையும் வைத்தவர் திரும்ப எடுப்பதில்லை. பிரசாதம் என்று வாங்கிச் சாப்பிடும் வழக்கம் அங்கே பொதுவாகக் கிடையாது.

மற்றபடி இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றுபோலத்தான் தெரியும். கருவறையில் ஓர் உருவம், அதற்கு நீராட்டு, சந்தனம், தீபம், தூபம், சுற்றி வந்து கும்பிடும் மக்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ‘சிலை வணக்கம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பழம் ஏன் ஓரிடத்தில் திரும்பி வருகிறது, இன்னோரிடத்தில் வருவதில்லை என்று கேட்டுப் பார்த்தால் மூட்டை அவிழ்ந்துவிடும்.

இந்து மரபில் அந்த உருவத்துக்குள் ஒருவர் எழுந்தருளியிருக்கிறார். படைத்ததை அவர் ஏற்றுக்கொண்டார், மிச்சம் அவருடைய அருளாக நமக்கு வருகிறது. சமண மரபில் வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. பிறவிக் கடலைக் கடக்க வழிகாட்டிய தீர்த்தங்கரர் வினைகளையெல்லாம் கழித்து, உடலையும் விட்டு, உலகத்தின் உச்சியில் உள்ள, சித்தர்கள் எனப்படும் விடுதலை பெற்ற உயிர்களின் இடத்தைச் சேர்ந்துவிட்டார். கூப்பிட்டால் வரமாட்டார், கேட்டால் தரமாட்டார், கோபித்துக்கொள்ளவும் மாட்டார். அவர் முன்னால் ஒன்றை வைப்பது அதைத் துறந்ததற்கு அடையாளம். துறந்ததை மறுபடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வது எப்படி?

அப்படியானால், வராதவருக்குச் சிலை எதற்கு? வந்திருப்பவர் கல்லுக்குள் எப்படி வந்தார்?

உருவங்கள் வந்த வழி

வேத வேள்வியில் சிலைக்கு இடம் இல்லை. வேள்விக்கென்று மேடை கட்டி, தீ வளர்த்து, அவியைத் தீயில் இட்டுத் தேவர்களை அழைத்தார்கள். தமிழ்நாட்டிலோ சங்க காலத்திலேயே கல்லும் மரமும் தெய்வத்தின் இருப்பிடமாக இருந்தன. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, கள் படைத்தார்கள். பொதுவிடங்களில் நட்டிருந்த கந்து என்னும் தூணில் தெய்வம் உறைவதாக நம்பி அதற்கு விளக்கேற்றினார்கள். வடக்கே, பொதுக்காலத்துக்கு முந்தைய 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் இலக்கண ஆசிரியர் பதஞ்சலி, மௌரியர்கள் பொன்னுக்காகத் திருவுருவங்களைச் செய்வித்ததை ஓர் இலக்கண விதியை விளக்கும்போது போகிறபோக்கில் சொல்கிறார்.

சமணர்கள் சிலை வழிபாட்டை இந்துக்களிடமிருந்து பிற்காலத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒடிசாவின் உதயகிரியில் உள்ள ஹாத்திகும்பா கல்வெட்டில் காரவேல மன்னன், நந்த அரசன் முன்பு எடுத்துச் சென்ற ‘கலிங்க ஜின’த்தை (ஜினர் என்பது தீர்த்தங்கரருக்கு இன்னொரு பெயர்) மகதத்திலிருந்து மீட்டு வந்ததைப் பெருமையாகப் பொறித்திருக்கிறான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிலை பறிபோனதும் உண்டு, மீட்டதும் உண்டு. மதுராவில் கங்காளி மேட்டைத் தோண்டியபோது கிடைத்த ஜின உருவங்களும் வழிபாட்டுப் பலகைகளும் பொதுக்காலத்தின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதே நகரத்தில், அதே சிவப்பு மணற்கல்லில், அதே காலகட்டத்தில் புத்தரும் விஷ்ணுவும் செதுக்கப்பட்டார்கள். எந்தச் சமயத்தார் கேட்டாலும் செய்து கொடுத்த பட்டறைகள் அவை. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று பிரிப்பது கடினம். பிரித்தும் பெரிய பயன் இல்லை.

கல் எப்போது கடவுளாகிறது?

சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னங்கீற்றின் ஓலை நறுக்கை எடுத்து, சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்று தாளக் கணக்கு உண்டு. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியேறும். அந்த இடத்தில் உருகிய உலோகம் நிறையும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பிறப்பு. ஐம்பொன் என்று பெயர் இருந்தாலும் பெரும்பங்கு செம்புதான். உருக்கினால் தங்கம் கொட்டும் என்று நம்பித் திருடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

சரி, சிலை ஆயிற்று. இந்தக் கட்டத்தில் அதற்கு யாரும் விளக்கேற்ற மாட்டார்கள். அழகான உலோகம், அவ்வளவுதான். அதன்பிறகு நடப்பவை ஆகமம் சொல்லும் காரியங்கள். உருவத்தைத் தண்ணீரில் கிடத்துவார்கள், தானியத்தில் கிடத்துவார்கள், மஞ்சத்தில் துயில வைப்பார்கள். கண் திறக்கும் சடங்கில் ஸ்தபதியின் கையால் விழிக்கோடு விழும். இன்னொரு பக்கம் யாகசாலையில் குடங்களில் நீர் நிரப்பி, நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, வேள்வித்தீயில் அழைத்த தெய்வத்தை அந்தக் குடத்து நீரில் இருத்துவார்கள். முடிவில் அந்த நீர் கோபுரக் கலசத்திலும் மூலவர்மீதும் சேரும்போதுதான் குடமுழுக்கு நிறைவேறுகிறது. கற்சிலையைப் பீடத்தோடு பிடித்து வைக்க அடியில் இடும் அஷ்டபந்தன மருந்தும் உண்டு: கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், காவி, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் போன்றவற்றை இடித்துக் குழைத்த கலவை. அது காலப்போக்கில் இறுகி வெடிக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்யும் வழக்கத்தில் இந்த நடைமுறைக் காரணமும் கலந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், இந்து மரபு சிலையை எப்படிப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் குடமுழுக்கைவிட அதற்கு முந்தைய பாலாலயத்தைத்தான் பார்க்க வேண்டும். கோயிலில் திருப்பணி தொடங்குமுன் மூலவரிடமிருந்து இறையாற்றலைக் குடத்து நீருக்கு ஈர்த்து, அங்கிருந்து ஒரு மரப்பலகைக்கோ படத்துக்கோ மாற்றிவிடுவார்கள். திருப்பணி முடியும்வரை பூஜை அந்தப் பலகைக்குத்தான். கருவறையில் நிற்கும் சிலை அந்தக் காலத்தில் வெறும் கல். கொத்தனாரும் ஸ்தபதியும் அதன் அருகில் நின்று வேலை பார்க்கலாம். திருப்பணி முடிந்ததும் மறுபடி அழைத்து வருகிறார்கள். கல்லையே கடவுள் என்று நினைப்பவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்ய மாட்டார்கள். இருக்கிறவரும் இருக்கும் இடமும் வேறு வேறு என்று தெரிந்தே செய்யும் காரியம் இது.

பூரியில் இது இன்னும் உக்கிரமாக நடக்கும். ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரும் மரத்தால் ஆனவர்கள். சந்திர நாட்காட்டியில் ஆஷாட மாதம் இரண்டு முறை வரும் ஆண்டில் புதிய வேம்பு மரங்களைத் தேடிப் புதிய உருவங்களைச் செய்து, பழையவற்றின் உள்ளிருக்கும் ‘பிரம்மப் பொருளை’ நள்ளிரவில் கண்ணைக் கட்டிக்கொண்டு மாற்றி வைப்பார்கள். கடைசியாக 2015-இல் நடந்தது. பழைய திருமேனிகளைக் கோயில் வளாகத்திலேயே புதைத்துவிட்டு, தைத்தாபதிகள் என்னும் பணியாளர்கள் குடும்பத்தில் சாவு விழுந்ததுபோலத் துக்கம் காப்பார்கள். நம் காஞ்சிபுரத்தில் அத்திமரத்து வரதர் 40 ஆண்டுகள் குளத்துக்குள் இருந்துவிட்டு 48 நாள் மட்டும் வெளியே வருவார். 1979-க்குப் பிறகு 2019-இல் வந்தபோது திரண்ட கூட்டத்தை மறந்திருக்க முடியாது. பிள்ளையார் சதுர்த்திக் களிமண் பிள்ளையாரோ சில நாள் விருந்தாளி.

இருப்பவரும் இடமும் வேறு என்பதைச் சைவர்கள் வெளிப்படையாகவே சொல்வார்கள். உலகம் முழுக்க அறிந்த நடராசர் திருவுருவம் இருக்கும் சிதம்பரத்திலேயே, பக்கத்தில் திரையை விலக்கி, பொன் வில்வமாலை தொங்கும் வெற்று வெளியைக் காட்டி இதுவும் அவர்தான் என்கிறார்கள். வைணவம் இங்கே ஒரு படி மேலே போகிறது. அர்ச்சை என்னும் கோயில் திருவுருவம் பெருமாளின் அடையாளம் இல்லை, பெருமாளின் அவதாரமே. அடியார்கள் எந்த உருவத்தை விரும்புகிறார்களோ அந்த உருவமே தானாகிறான் என்று பொய்கையாழ்வார் பாடிவிட்டார். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் இதற்குச் சொன்ன உவமை அருமையானது. தாகத்தோடு நிற்பவனுக்குப் பரமபதத்து நிலை அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீர், பாற்கடலில் பள்ளிகொண்ட வியூக நிலை அந்தப் பாற்கடல், இராமனும் கண்ணனுமான அவதாரங்கள் பெருகி ஓடி வற்றிப்போன ஆறு, உள்ளே உறையும் நிலை தோண்டினால்தான் கிடைக்கும் நிலத்தடி நீர். கோயிலில் இருக்கும் அர்ச்சையோ, அந்த ஆறு ஓடியபோது தேங்கிய மடு. குனிந்து அள்ளிக் குடிக்கலாம்.

சொத்துள்ள கடவுள்

ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் தொடர்ந்து வரும். விடியலில் பள்ளியெழுச்சி, இரவில் பள்ளியறை. வெயில் காலத்தில் சந்தனக் காப்பு, வசந்த மண்டபம். கருவறையை விட்டு வெளியே வர முடியாத மூலவருக்குப் பதிலாக வீதியில் ஊர்மக்களைப் பார்க்கப் போகும் உற்சவர். திருவரங்கத்தில் பள்ளிகொண்ட மூலவர் சுதையால் ஆனவர் என்பதால் அவருக்குத் தைலக்காப்புதான். திருமஞ்சனம் எல்லாம் உற்சவருக்கு. பழனி, திருவாரூர், சிதம்பரம் என்று ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த உருவத்தின் உடம்புக்கு ஏற்ற நடைமுறை உண்டு.

அப்புறம் சொத்து. சோழர் காலத்துச் சிவன் கோயில் கல்வெட்டுகளில் நிலம் வாங்குவதும் விற்பதும் ஆதிசண்டேசுவரர் பெயரில் நடக்கும். சிவன் உடையவர், சண்டேசுவரர் அவருடைய கணக்குப்பிள்ளை. இதை ஆங்கிலேயர் காலச் சட்டம் தன் மொழியில் எழுதிக்கொண்டது. 1925-இல் கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் குலதெய்வச் சிலை பற்றிய வழக்கில் அந்நாளில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இந்துத் திருவுருவம் சட்டப்படி ஓர் ஆள், அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்றது. வீட்டு மேசை நாற்காலிபோல இடம் மாற்றிவிட முடியாது என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் கொள்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பத்தூர் வழக்கைச் சொல்லலாம். 1976-இல் தஞ்சைப் பகுதியில், பத்தூர் என்னும் சிற்றூரில், இடிந்துகிடந்த சிவன் கோயிலருகே மண் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளிக்கு நடராசர் செப்புத் திருமேனி கிடைத்தது. கை மாறிக் கை மாறி அது லண்டன் போய், 1982-இல் ஒரு கனடா நிறுவனம் அதை வாங்கியது. பழுது பார்க்கக் கொடுத்திருந்த இடத்தில் லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்ற, வழக்கு தொடங்கியது. இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் மட்டுமின்றி, பூசை நின்றுபோன அந்தக் கோயிலும், இடிபாடுகளுக்கிடையே இருந்த சிவலிங்கமும் வழக்கில் தரப்பினராகச் சேர்க்கப்பட்டன. ஆங்கிலச் சட்டத்தில் கோயிலுக்கு வழக்காடும் உரிமை கிடையாது. ஆனாலும் இந்தியச் சட்டப்படி அதற்கு அந்தத் தகுதி இருப்பதால் இங்கேயும் ஏற்போம் என்று 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நடராசர் நாடு திரும்பினார். கோயில் இடிந்தாலும் சாமி இடிவதில்லை என்பதை ஒரு வெளிநாட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட அபூர்வமான நிகழ்ச்சி அது.

வராதவரின் உருவம்

இப்போது சமணர் பக்கம் வருவோம். கழுகுமலையிலோ சிதறாலிலோ பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களைப் பார்த்திருந்தால் அவர்களுடைய அசையாமை நினைவிருக்கும். இருபத்துநான்கு பேருக்கும் இரண்டே நிலைகள்: மடிமேல் கைவைத்துத் தாமரை இருக்கையில் அமர்ந்திருப்பது, கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்பது. ஆயுதம் இல்லை, தேவி இல்லை, அஞ்சாதே என்று சொல்லும் கையும் இல்லை. முகங்களும் ஒன்றே. பீடத்தில் காளை இருந்தால் ஆதிநாதர், சங்கு இருந்தால் நேமிநாதர், சிங்கம் இருந்தால் மகாவீரர். பாம்பு தலைக்குமேல் படம் விரித்திருந்தால் பெரும்பாலும் பார்சுவநாதர். நடராசரையும் திருமாலையும் நரசிம்மரையும் விதவிதமாகச் செய்த அதே நாட்டுச் சிற்பிகள்தான் இவர்களையும் செய்தார்கள். ஆசாபாசம் எல்லாம் கழன்றபின் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் என்ன இருக்கும் என்பது சமணர் கேள்வி. அதற்கான விடை கல்லில் இருக்கிறது.

சமணச் சிலைக்கும் பிரதிஷ்டை உண்டு. ஆனால் அங்கே யாரையும் உள்ளே அழைப்பதில்லை. பஞ்சகல்யாணம் என்ற பெயரில் சில நாட்கள் நடக்கும் அந்த விழாவில் தீர்த்தங்கரரின் வாழ்க்கையையே மறுபடி நடத்திக் காட்டுகிறார்கள்: கருவில் வந்தது, பிறந்தது, துறவு பூண்டது, கேவல ஞானம் என்னும் முழு அறிவைப் பெற்றது, வீடு பேறு அடைந்தது. இல்லறத்தார் ஒரு தம்பதி தாய் தந்தையாக இருப்பார்கள்; சிலர் இந்திரனாகவும் இந்திராணியாகவும் வேடம் ஏற்பார்கள். சிலை இந்த ஐந்தையும் கடந்து வந்தபின் வழிபாட்டுக்கு உரியதாகிறது. வெள்ளாடைத் துறவிகளைப் பின்பற்றும் சுவேதாம்பரரிடம் கண்ணுக்கு அஞ்சனம் தீட்டும் சடங்கு இதில் முக்கியம்.

அன்றாடப் பூஜையும் இதன் தொடர்ச்சிதான். கோயில், தீர்த்தங்கரர் ஞானம் பெற்றபின் தேவரும் மனிதரும் விலங்கும் கூடியிருந்து உபதேசம் கேட்ட சமவசரணம் என்னும் சபை. வழிபடுபவர் அங்கே போன இந்திரன். நீராட்டுகிறார் என்றால், பிறந்த குழந்தையை இந்திரன் மேரு மலைக்குத் தூக்கிப் போய் நீராட்டியதைத் தானும் செய்து பார்க்கிறார். எட்டுப் பொருள்களைப் படைக்கும்போது சொல்லும் வேண்டுதல்களைக் கவனித்தால் எல்லாம் விளங்கிவிடும். நீர், பிறப்பு இறப்பு ஒழிய; சந்தனம், சம்சார வெப்பம் தணிய; அட்சதை, அழியாத நிலைக்கு; பூ, காமம் அழிய; தீபம், மயக்கம் விலக; தூபம், வினை எரிய; பழம், வீடு பேற்றுக்கு. உணவைப் படைக்கும்போது சொல்வது: பசி என்னும் நோயே இல்லாமல் போகட்டும். பெருமாளுக்கு அமுது செய்விப்பவர் அவர் பசியாற வேண்டும் என்று படைக்கிறார். சமணர், தனக்குப் பசியே இல்லாமல் போக வேண்டும் என்று அதே சோற்றை வைக்கிறார்.

பலன் எங்கிருந்து வருகிறது என்றால், வழிபடுபவரின் மனநிலையிலிருந்து. அந்த உருவத்தைப் பார்க்கப் பார்க்க அவருடைய பற்று குறைகிறது, வினை உதிர்கிறது, நல்வினை சேர்கிறது. ஜினர் எதுவும் செய்வதில்லை. அதனால்தான் உடைமை ஏதும் இல்லாத சமண முனிவர்கள் பொருள்களால் பூஜை செய்வதில்லை. மனத்தால் செய்தால் போதும். பொருள் பூஜை இல்லறத்தாருக்கு, அவர்களிடம் விட்டுவிடுவதற்குப் பொருள் இருப்பதால்.

சிரவணபெளகொளவில் நிற்கும் ஏறக்குறைய 58 அடிக் கோமடேசுவரருக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மகாமஸ்தகாபிஷேகத்தை, கடைசியாக 2018-இல், தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பார்கள். பாலும் மஞ்சளும் சந்தனமும் அந்தக் கல்லுடம்பில் வழிந்தன. அவர் ஆதிநாதரின் மகன் பாகுபலி, தீர்த்தங்கரர் வரிசையில் வராதவர். 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கங்கர்களின் அமைச்சர் சாமுண்டராயர் அவரைச் செதுக்க வைத்தார். காலடியில் கன்னடம், மராத்தியோடு தமிழிலும் ‘ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்’ என்று வெட்டியிருக்கிறது. முதல் நீராட்டில் அமைச்சரின் குடம் குடமான பால் தொடைக்குக் கீழே இறங்கவில்லை, ஒரு கிழவி சின்னக் காய்க்குடுக்கையில் கொண்டுவந்த பால் பாதம்வரை ஓடியது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையிலும் பாகுபலி எதுவும் செய்யவில்லை. பால் ஓடியதும் ஓடாததும் ஊற்றியவரின் மனத்தைப் பொறுத்தது.

கொள்கை இவ்வளவு கறாராக இருந்தால் உள்ளுக்குள்ளேயே சண்டை வரும், வந்தது. பூப்பறிப்பதும் விளக்கில் பூச்சி விழுவதும் உயிர்வதை ஆகாதா? 15-ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் லோங்கா ஷா என்பவர், சாத்திரத்தில் சிலை வணக்கத்துக்கு ஆதாரம் இல்லை என்று எதிர்த்தார். அந்த வழியில் வந்த ஸ்தானகவாசிகளும், 1760-இல் ஆசாரிய பிக்ஷு தொடங்கிய தேராபந்தியரும் இன்றுவரை சிலை இல்லாத சமணர்கள். சிலையை ஏற்றுக்கொண்டவர்களில், ஆடை துறந்த முனிவர்களைப் பின்பற்றும் திகம்பரர்களிலும் ஒரு பிரிவினர் பூவுக்குப் பதில் குங்குமப்பூச் சாயம் ஏற்றிய அரிசியைப் போடுகிறார்கள். சிலை எப்படி இருக்க வேண்டும் என்பதில் இரு பெரும் பிரிவுகளுக்கும் தகராறு. திகம்பரருக்கு ஆடையில்லாத, கண் தாழ்ந்த உருவம் வேண்டும். சுவேதாம்பரர் கண் பதித்து, முடி சூட்டி, அலங்கரிப்பார்கள்; துறக்குமுன் அவர் அரசகுமாரர்தானே என்பது அவர்கள் வாதம். மகாராட்டிரத்தில் சிர்பூர் அந்தரிட்ச பார்சுவநாதர் சிலைக்கு எந்தக் கோலத்தில் பூஜை என்ற வழக்கு பிரிவி கவுன்சில்வரை போய், பின்னும் தீராமல், நாற்பது ஆண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்து, உச்ச நீதிமன்றம் தலையிட்டபின் 2023-இல்தான் கோயில் திறந்தது. பற்றற்றவரின் கண் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இவ்வளவு பற்று!

சரி, குழந்தைக்குக் காய்ச்சல், மழை இல்லை, கடன் தீரவில்லை. இதற்கெல்லாம் சமணர் யாரைக் கேட்பது? அதற்கு விடை கருவறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு தீர்த்தங்கரருக்கும் காவலாக ஓர் இயக்கனும் இயக்கியும் உண்டு. இவர்கள் வீடு பேறு அடையாதவர்கள், பிறவிச் சுழலில் நம்மோடு இருப்பவர்கள். ஆகவே காதும் கேட்கும், கையும் நீளும். நேமிநாதரின் அம்பிகையைத் தமிழ்ச் சமணர்கள் தருமதேவி என்பார்கள். பார்சுவநாதருக்குப் பத்மாவதி, சந்திரபிரபருக்கு ஜ்வாலாமாலினி. பட்டு, பூ, குங்குமம், வேண்டுதல் எல்லாம் இவர்களிடம். தத்துவத்தைக் கொஞ்சமும் வளைக்காமல் மனிதர்களின் தேவைக்கும் இடம் கொடுத்த ஏற்பாடு இது. தூய்மைவாதிகள் இதைச் சரிவு என்பார்கள். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது.

ஆள் மாறிய சிலைகள்

தமிழ்நாட்டில் இந்த இரண்டு உலகங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டச் சிதறால் மலையில் தீர்த்தங்கரர்களும் தருமதேவியும் இருந்த இடம் பிற்காலத்தில் பகவதி கோயிலானது. தென்பரங்குன்றத்துச் சமணக் குடைவரை பிற்காலப் பாண்டியர் காலத்தில் சிவன் கோயிலாக மாறியது. இயக்கிக்கும் அம்மனுக்கும் இடையே நடந்து கடக்க அதிக தூரம் இல்லை என்பதால் சிதறால் மாற்றம் எளிதாக நடந்திருக்கும். சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிடப்பட்ட உருவம் புத்தர்தான் என்று தொல்லியல் ஆய்வில் தெரியவந்து, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே முனியப்பன் பூசையை நிறுத்தச் சொன்னது. உருவத்தின் அடையாளத்தைக் கல் முடிவு செய்கிறதா, கும்பிடுகிறவர் முடிவு செய்கிறாரா என்ற கேள்விக்கு நீதிமன்றம் கல்லின் பக்கம் நின்றது.

அதே கேள்வி போலிச் சிலைகளில் இன்னும் கூர்மையாகிறது. கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த நடராசரைச் சில ஆண்டுகள் கழித்துப் பழுது பார்க்க அனுப்பினார்கள். திரும்பி வந்தது நகல். அசல் கடல் கடந்து போய், 1973-இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் கைக்கு 9 லட்சம் டாலருக்குப் போயிற்று. வழக்கும் சமரசமும் ஆகி 1986-இல் நாடு திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிவபுரத்தில் நகலுக்கு விழுந்த பூவும் ஏற்றிய விளக்கும் யாருக்குப் போய்ச் சேர்ந்தன?

சமணரிடம் கேட்டால் இது ஒரு சிக்கலே இல்லை. கும்பிட்டவரின் மனம் ஒருமைப்பட்டதா? அப்படியானால் பலன் முழுதாகக் கிடைத்தது; உலோகத்தின் வயது அதில் குறுக்கிடாது. இந்து மரபில் விடை அவ்வளவு எளிதில்லை. ஆனால் இதே சிக்கலைத் திருவரங்கம் முன்பே சந்தித்திருக்கிறது. 1323-இல் டில்லிப் படை வந்தபோது, அர்ச்சையை மடு என்று எழுதிய அதே பிள்ளை லோகாசாரியர், தள்ளாத வயதில் உற்சவரைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடினார். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் வழியிலேயே இறந்தார். உற்சவர் கேரளம், கர்நாடகம், திருமலை என்று சுற்றிவிட்டு 1371-இல் ஊர் திரும்பியபோது அங்கே அவர் இடத்தில் வேறோர் உற்சவர் பூஜை கொண்டிருந்தார். பழையவரை நேரில் பார்த்தவர்களில் மிஞ்சியவர் கோயில் துணி வெளுத்த, கண்பார்வை போன ஒரு முதியவர் மட்டுமே என்கிறது கோயில் வரலாறு. இருவருக்கும் திருமஞ்சனம் செய்து ஈரத் துணியை அவரிடம் கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்து, இவரே நம்பெருமாள் என்றார் அவர். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதுவரை பூஜை பெற்றவரையும் யாரும் வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் அந்தக் கோயிலிலேயே இருக்கிறார். யாகசாலைச் சடங்குகளுக்கு எழுந்தருள்பவர் அவர்தான்.